ஊரை ஒப்படைத்துச் சென்றவர்கள்

வீட்டைப் பூட்டிக்கொண்டு நெடுநாள் வெளியூர் செல்வோர், திறவுகோலை அண்டை வீட்டாரிடம் கொடுத்து, "சற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிச் செல்வது நம் நாட்டு வழக்கம். பிச்சாட்டூரையும் அதன் சுற்றுப்புறச் சிற்றூர்களையும் விட்டுப் பிழைப்பை நாடி வேற்றூர் வந்து வாழும் நம் அன்பர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஒரு வீட்டைப் பொறுத்தமட்டில் இது எளிய செயலே. ஆனால், ஓர் ஊரில் பல நூற்றாண்டுகள் வாழ்ந்த ஒரு கூட்டத்தார் குடும்பம் குடும்பமாகப் புறப்படுங்கால், தம் தொழுகைக் கூடத்தையும் முன்னோரைப் புதைத்த நிலத்தையும் யாரிடம் ஒப்படைப்பர்? ஏற்றுக்கொண்டவர் அவற்றை எத்தனை காலம் காப்பர்?

இவ்வினாவை நம் எதிரே நிறுத்தும் ஊர் ஒன்று தொலைவில் இல்லை. கேரள நாட்டில், திருச்சூர் மாவட்டத்தில், கொடுங்கல்லூருக்கு அண்மையில் உள்ளது அது. மாளா என்பது அதன் பெயர். அவ்வூரின் கதையையும், அங்கு வாழ்ந்த யூதர்களின் கதையையும் இத்திங்கள் நம் நேயர்களுக்குக் கூற விரும்புகிறோம்.

கொடுங்கல்லூர்ப் பகுதி நமக்குப் புதியதன்று. சங்கச் சான்றோர் பாடிய முசிறித் துறைமுகம் அப்பகுதியைச் சேர்ந்தது என்பர் அறிஞர். யவனர் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு மீண்ட கரை அது. எருசலேம் நகரத்துக் கோயில் கி.பி. 70-ஆம் ஆண்டில் உரோமரால் அழிக்கப்பட்ட பின்னர்த் தம் முன்னோர் இக்கரைக்கு வந்து சேர்ந்தனர் என்பது கேரள யூதர்களின் மரபுவழிச் செய்தி. மரபுச் செய்தியை விட்டு எழுத்துச் சான்றுக்கு வருவோமாயின், நமக்கு இரு செப்பேட்டுத் தொகுதிகள் கிடைக்கின்றன.

முதலாவது, கி.பி. 849-இல் கொல்லத்தில் இருந்த கிறித்தவக் கோயில் ஒன்றுக்கு அளிக்கப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேடு. அதில் சான்றொப்பமிட்டவருள் சிலர் அரபு எழுத்திலும், சிலர் பாரசீகப் பகலவி எழுத்திலும், சிலர் எபிரேய எழுத்திலும் தம் பெயரைப் பொறித்துள்ளனர். ஒரு கிறித்தவக் கோயிலுக்குரிய கொடைக்கு இசுலாமியரும் பாரசீகரும் யூதரும் சான்று நின்ற காலம் அது.

இரண்டாவது செப்பேடே நம் கதைக்கு இன்றியமையாதது. ஏறத்தாழ கி.பி. 1000-ஆம் ஆண்டில், பாற்கர இரவிவர்மன் என்னும் சேர வேந்தன், யோசேப்பு இரப்பான் என்னும் யூத வணிகர் தலைவனுக்கு எழுபத்திரண்டு சிறப்புரிமைகளை வழங்கினான். பகலில் விளக்குப் பிடித்துச் செல்லவும், நடக்கும் வழியில் ஆடை விரித்துக்கொள்ளவும், பல்லக்கில் ஏறவும், குடை பிடிக்கவும், பறையும் காளமும் முழக்கவும், தோரணம் கட்டவும் உரிமை தந்தான். வரிகள் சிலவற்றையும் நீக்கினான். அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் தலைமையையும் அவனுக்கு அளித்தான். இவ்வுரிமைகள் உலகமும் திங்களும் உள்ளளவும் அவன் வழியினருக்கு உரியன என்று அச்சாசனம் கூறுகிறது. வேணாட்டுத் தலைவன் முதலிய நாட்டுத் தலைவர் பலர் அதற்குச் சான்று நின்றனர்.

இச்செப்பேடு எம்மொழியில், எவ்வெழுத்தில் பொறிக்கப்பட்டது என்பது தமிழராகிய நமக்கு மகிழ்வூட்டும் செய்தி. அது வட்டெழுத்தில் அமைந்தது. அதன் மொழி, தமிழும் மலையாளமும் இன்னும் முற்றிலும் பிரிந்து நில்லாத காலத்துச் சேரநாட்டு மொழி. உலகெங்கும் சிதறிய யூத மக்களின் வரலாற்றில், ஓர் அரசன் அவர்களை மதித்து அளித்த பழஞ்சாசனம் ஒன்று நம் மொழியோடு உடன்பிறந்த எழுத்தில் நிற்கிறது. இதன் மூல ஏடுகள் கொச்சி மட்டாஞ்சேரியில் உள்ள பரதேசி யூதர் தொழுகைக் கூடத்தில் பாதுகாக்கப்பட்டு வந்தன. 2017-இல் இந்தியப் பிரதமர் இசுரேல் நாட்டுக்குச் சென்றபோது, இவ்வேடுகளின் படியையே அந்நாட்டுப் பிரதமருக்குப் பரிசாக அளித்தார்.

இனி ஊர்களுக்கு வருவோம். 1341-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தால் கொடுங்கல்லூர்த் துறைமுகம் மண் தூர்ந்து, கொச்சித் துறைமுகம் வழி திறந்தது என்பர். வணிகம் இடம் பெயரவே வணிகரும் பெயர்ந்தனர். நாளடைவில் யூதர்கள் மட்டாஞ்சேரி, எறணாகுளம், வடக்குப் பரவூர், சேந்தமங்கலம், மாளா ஆகிய ஊர்களில் நிலைத்தனர். (இச்சேந்தமங்கலம் நம் நாமக்கல்லை அடுத்த சேந்தமங்கலம் அன்று; பெரியாற்றின் கரைநாட்டில் உள்ளது.) இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வூர்களில் எட்டுத் தொழுகைக் கூடங்கள் இருந்தன: மட்டாஞ்சேரியில் மூன்று, எறணாகுளத்தில் இரண்டு, ஏனைய மூன்று ஊர்களிலும் ஒவ்வொன்று. மட்டாஞ்சேரிப் பரதேசிக் கூடம் 1568-இல் எழுந்தது. கொச்சி அரசரின் அரண்மனைக்கும் அவருடைய கோயிலுக்கும் அடுத்த நிலத்தில் அது நிற்கிறது.

அவ்வூர் யூதர்கள் அந்நாட்டு மக்களாகவே வாழ்ந்தனர். அவர்கள் அரிசிச் சோறு உண்டனர், முண்டு உடுத்தனர், மலையாளம் பேசினர். தொழுகைக் கூடத்தினுள் செருப்பைக் கழற்றிவிட்டே நுழைந்தனர். தேங்காய் எண்ணெய் விளக்குகள் அங்கே தொங்கின. திருமறை படிக்கும் மேடை உலகின் ஏனைய யூதர் கூடங்களில் ஒன்றே இருக்கும். கேரளக் கூடங்களில் மாடத்தின்மீது இரண்டாவது மேடையும் உண்டு. பெண்கள் மலையாளத்தில் பாடல்கள் புனைந்து, திருமணத்திலும் திருநாளிலும் பாடினர். கையேடுகளில் எழுதித் தாயிடமிருந்து மகளுக்கு அளித்தனர்.

சேந்தமங்கலத்துத் தொழுகைக் கூடத்தின் முன்னே ஒரு கல்லறைக் கல் நிற்கிறது. இசுரேலின் மகள் சாரா என்னும் பெண்ணின் நினைவாக 1269-ஆம் ஆண்டில் எபிரேய எழுத்தில் பொறிக்கப்பட்டது அது. அவர் யார், எவ்வாறு வாழ்ந்தார் என்பதைக் கல் கூறவில்லை. ஆயினும் எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு பெண்ணின் பெயரை அக்கல் காத்து நிற்கிறது.

நிறைகளை மட்டும் கூறிக் குறைகளை மறைத்தல் வரலாறு ஆகாது. பிற்காலத்தில் வெளிநாடுகளிலிருந்து வந்த பரதேசி யூதர், பழங்குடிகளாகிய மலபார் யூதரைத் தமக்குச் சமமாகக் கருதவில்லை. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோரைத் தம் கூடத்தில் அமர இடம் தராது ஒதுக்கினர். நாட்டில் நிலவிய சாதி நோய் அச்சிறு கூட்டத்தையும் பற்றியிருந்தது. அதனை எதிர்த்து ஏ.பி. சேலம் (1882–1967) என்னும் வழக்கறிஞர், காந்தியடிகளின் வழியில், தொழுகைக் கூடத்திலேயே சத்தியாக்கிரகம் செய்தார். மக்கள் அவரை 'யூத காந்தி' என்று அழைத்தனர். நாளடைவில் அத்தடைகள் தளர்ந்தன.

1948-இல் இசுரேல் நாடு பிறந்தது. அப்போது கொச்சிப் பகுதியில் ஏறத்தாழ 2,400 யூதர் இருந்தனர். அவர்களை யாரும் துரத்தவில்லை. அண்டை அயலார் பகைக்கவில்லை. ஆயினும், ஒவ்வொரு நாளும் தம் வழிபாட்டில் எந்நாட்டை நினைந்தார்களோ அந்நாடு திறந்தது என்று கேட்டபோது, அவர்கள் உள்ளம் அமைதியுறவில்லை. பெரும்பாலோர் புறப்பட முடிவு செய்தனர். ஆனால் பயணம் எளிதாகவில்லை. யானைக்கால் நோய் அந்நாட்டில் பரவிவிடுமோ என்று அஞ்சி இசுரேல் அதிகாரிகள் தயங்கினர். வீட்டையும் நிலத்தையும் விற்றுவிட்டுக் காத்திருந்தோர் பட்ட துன்பம் பெரிது. இறுதியில் 1953 முதல் 1955 வரையுள்ள ஆண்டுகளில் பெரும் பகுதியினர் சென்றனர்.

மாளா ஊரின் யூதர்களும் அவ்வாறே சென்றனர். செல்லுமுன் அவர்கள் செய்த ஒரு செயல் நம் கருத்தை ஈர்க்கிறது. தொழுகைக் கூடத்தை விற்றுப் பணமாக்காமல், 1954–55-இல் அதனையும் நான்கு ஏக்கர் அளவுள்ள தம் இடுகாட்டையும் மாளாப் பஞ்சாயத்திடம் எழுத்து மூலம் ஒப்படைத்தனர். கூடத்தைப் பிற சமயத் தொழுகையிடமாகவோ இறைச்சிக் கூடமாகவோ மாற்றலாகாது என்றும், இடுகாட்டைக் காக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டனர். ஊர் அதனை ஏற்றது. இதுவும் ஒரு சாசனமே அன்றோ?

முதற் சாசனத்தில் ஓர் அரசன் வந்தவரை ஏற்றான். இரண்டாம் சாசனத்தில் ஓர் ஊர், சென்றவரின் நினைவை ஏற்றது. முன்னது ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டு நிலைத்தது. நிலத்தை விட்டு நீங்கியவர்கள் யூதர்களே. உரிமையைப் பறித்து யாரும் அவர்களை வெளியேற்றவில்லை. பின்னதன் கதை அத்துணைச் செம்மையாக நடந்தது என்று நம்மால் கூற இயலவில்லை. இடுகாட்டின் பெரும்பாலான கல்லறைகள் மறைந்தன. அந்நிலத்தின் ஒரு பகுதியை விளையாட்டரங்கத்துக்குப் பயன்படுத்தும் முயற்சியும் எழுந்தது. தொழுகைக் கூடமும் பேணுவாரின்றிப் பல ஆண்டுகள் நலிந்தது.

ஆயினும் ஒன்றை நாம் மறத்தல் கூடாது. அவ்விடுகாட்டுக்காக வழக்காடியவர் யாவர்? இசுரேலிலிருந்து வந்த பேரப்பிள்ளைகளா? அல்லர். மாளா ஊரின் மக்களே கூடி, "நம் ஊர் கொடுத்த வாக்கு இது, காக்க வேண்டியவர் நாம்" என்று குரல் எழுப்பினர். அவர்களுள் இந்துக்கள் இருந்தனர், கிறித்தவர் இருந்தனர், இசுலாமியர் இருந்தனர், ஒரு யூதர்கூட இருந்திருக்க இயலாது. தம் சமயத்தாரல்லாத, இனித் திரும்பியும் வாராத மக்களுக்குக் கொடுத்த வாக்கை அவர்கள் தம் மானமாகக் கொண்டனர். ஓர் ஊருக்கு இதனினும் உயர்ந்த பெருமை உண்டோ?

அருகில் உள்ள சேந்தமங்கலமும் பரவூரும் நற்பேறு பெற்றன. இந்நூற்றாண்டில் அவ்விரு ஊர்க் கூடங்களும் அரசின் முயற்சியால் செப்பனிடப்பட்டு, யூதர் வாழ்வைக் காட்டும் அருங்காட்சியகங்களாகத் திகழ்கின்றன. மட்டாஞ்சேரியில் இருந்த கடவும்பாகம் கூடமோ வேறு வகையில் பிரிந்து போயிற்று. அதன் உட்புற மரவேலைப்பாடுகள் எருசலேமில் உள்ள இசுரேல் அருங்காட்சியகத்தில் அழகுற நிற்கின்றன. ஊரில் எஞ்சிய கட்டடத்தின் முகப்பு 2019-ஆம் ஆண்டு மழையில் இடிந்து வீழ்ந்தது.

கட்டடத்தைக் காத்தலே போதுமா என்று கேட்பின், போதாது என்றே கூற வேண்டும். யூதர் வழக்கப்படி, கூட்டு வழிபாடு தொடங்குவதற்குப் பருவம் எய்திய ஆண்கள் பதின்மர் கூட வேண்டும். எட்டுக் கூடங்கள் இருந்த கேரளத்தில், பரதேசிக் கூடத்தில்கூட வெளியூர் விருந்தினர் வந்தாலன்றிப் பதின்மர் சேர்வதில்லை என்னும் நிலை வந்தது. சுவர் நிற்கலாம், விளக்கு எரியலாம், பதின்மர் இல்லாவிடில் அக்கூட்டு வழிபாடு இல்லை.

இவ்விடத்தில் ஐரோப்பாவின் ஒரு சிற்றூரையும் நம் நேயர்கள் அறிதல் வேண்டும். போலந்து நாட்டின் வடகிழக்கில் திக்கோச்சின் என்று ஓர் ஊர் உண்டு. பெயரிலே நம் கொச்சியின் ஒலி கேட்பது தற்செயலே. 1522-இல் யூதக் குடும்பங்கள் சில அங்குக் குடியேற அழைக்கப்பெற்றன. 1642-இல் அவர்கள் எழுப்பிய பெருந்தொழுகைக் கூடம் இன்றும் நிற்கிறது, அருங்காட்சியகமாக உள்ளது. நானூறு ஆண்டுக்கு மேல் அவ்வூரின் சந்தையிலும் தெருவிலும் யூதர் கலந்து வாழ்ந்தனர். 1941 ஆகஸ்டு 25-ஆம் நாளும் அதனை ஒட்டியும், செருமானிய நாசிப் படையினர் அவர்களை ஊரின் சந்தைவெளியில் கூட்டி, அருகிலுள்ள உலோப்புகோவோக் காட்டுக்குக் கொண்டு சென்று சுட்டுக் கொன்றனர். ஆடவர், பெண்டிர், குழந்தைகள் என்னும் வேறுபாடு அங்கு இல்லை. நானூறு ஆண்டு வாழ்வு இரண்டு நாள்களில் முடிந்தது. 1939-இல் போலந்தில் ஏறத்தாழ 33 இலட்சம் யூதர் இருந்தனர். அவர்களுள் 30 இலட்சம் பேர் அளவில் அப்பெருங்கொடுமையில் மாண்டனர்.

மாளாவிலும் கூடம் வெறுமையாக நிற்கிறது; திக்கோச்சினிலும் கூடம் வெறுமையாக நிற்கிறது. பார்க்கும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். முன்னதன் மக்கள் அயலாரிடம் விடைபெற்று, பத்திரம் எழுதிக் கையொப்பமிட்டுச் சென்றனர். பின்னதன் மக்களுக்கு விடைபெறவும் பொழுது கிட்டவில்லை. இவ்வேறுபாட்டைக் கட்டடம் தானே கூறாது. யாரேனும் எழுதி வைத்தாலன்றோ பின்வருவோர் அறிவர்?

அதனை எழுதியவர்களும் உண்டு. போலந்தின் சிற்றூர்களிலிருந்து போருக்கு முன்னரே பிற நாடு சென்றவரும், போரில் உயிர் தப்பியவரும் நியூயார்க்கிலும் இசுரேலிலும் பிற இடங்களிலும் ஊர்ச் சங்கங்கள் வைத்திருந்தனர். நம் சங்கத்தைப் போன்றனவே அவை. அச்சங்கத்தார் கூடித் தத்தம் ஊருக்கு நினைவு நூல் எழுதினர். நினைவிலிருந்தே தெருப்படம் வரைந்தனர். தையற்காரர் யார், ரொட்டி சுடுபவர் யார், பள்ளி ஆசிரியர் யார் என்று எழுதினர். இறந்தோர் பெயர்களை வரிசையாகப் பதித்தனர். இத்தகைய நூல்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. எழுதியவர் பலர் எழுத்தாளர் அல்லர். கடை வைத்தோரும் தொழில் செய்தோருமே. ஆயினும் அவ்வூர்களின் வரலாற்றை இன்று எழுதப் புகும் அறிஞர், அந்நூல்களையே முதலில் தேடுகின்றனர்.

கேரளத்திலிருந்து சென்றவர்களோ தம் பாட்டுக் கையேடுகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு சென்றனர். 1954-இல் அவர்களுள் ஒரு பகுதியினர் இசுரேலின் தென்பகுதிப் பாலையில் நெவாத்திம் என்னும் குடியிருப்பில் அமர்த்தப்பட்டனர். வணிகம் அறிந்தோர் ஏர் பிடிக்கக் கற்றனர், கோழி வளர்த்தனர், பின்னர் மலர் வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பினர். ஆனால் அவர்தம் பேரப்பிள்ளைகள் எபிரேயமே பயின்றனர். பாட்டியின் கையேடு வீட்டில் இருந்தது. அதனைப் படிக்கும் கண் வீட்டில் இல்லை. மலையாள அறிஞர்களும் எபிரேய அறிஞர்களும் கூடி அப்பாடல்களைத் தொகுத்திராவிடில், பல பாடல்கள் மூதாட்டியரோடு மறைந்திருக்கும்.

அன்பர்களே, இக்கதையை நாம் ஏன் கூறினோம் என்பது இந்நேரம் விளங்கியிருக்கும். நம் பிச்சாட்டூர் எல்லை ஊர். ஆரணியாற்றில் அங்குள்ள அணை நீர் திறந்தால், தமிழ்நாட்டு ஊத்துக்கோட்டைக் கரையில் எச்சரிக்கை முழங்குகிறது. ஆறு எல்லையை அறியாது. 1960 ஏப்ரல் முதல் நாள் இரு மாநில எல்லை திருத்தப்பெற்றபோது, திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நம் ஊர் ஆந்திரத்திலேயே நின்றது. அன்று சித்தூர் மாவட்டமாக இருந்தது, 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டமாயிற்று. ஆட்சிப் பெயர்கள் மாறும். தெலுங்கும் தமிழும் ஒரே திண்ணையில் கலந்து ஒலித்த வாழ்வு எங்கே எழுதப்பட்டுள்ளது? ஊரில் தங்கிய உறவினரின் பிள்ளைகள் பலர் தெலுங்கு எழுத்தே அறிவர். வெளியூர் வந்த நம் பிள்ளைகள் பலர் ஆங்கில எழுத்தே அறிவர். தாத்தா தமிழில் எழுதிய கடிதம் பெட்டியில் கிடக்கிறது. நெவாத்திம் குடியிருப்பில் கண்ட நிலைக்கும் இதற்கும் எத்துணைத் தொலைவு?

நம்மை யாரும் துரத்தவில்லை; நம் ஊர் அழியவும் இல்லை. இரண்டுக்கும் இறைவனுக்கு நன்றி கூறுவோம். ஆயினும், அழிவு நேர்ந்த பின்னர்க் கண்ணீரோடு எழுதியவர்களைவிட, எல்லாரும் நலமாக இருக்கும்போதே அமர்ந்து எழுதும் வாய்ப்பு நமக்குக் கிட்டியுள்ளது. அதனை வீணாக்கலாமா?

ஆதலின் ஒன்றை வேண்டுகிறோம். ஒவ்வொரு குடும்பத்தாரும் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுங்கள். உங்கள் தெரு எது, அடுத்த வீட்டார் யாவர், நீர் இறைத்த கிணறு எது, முதல் எழுத்தைக் கற்பித்த ஆசிரியர் யார், எந்த ஆண்டு எக்காரணத்தால் ஊரை விட்டீர்கள் என்று எழுதுங்கள். வீட்டில் முதியோர் இருப்பின் அவர் சொல்ல, பேரப்பிள்ளை எழுதட்டும். பாட்டி பாடும் தாலாட்டும் நலுங்குப் பாட்டும் அதில் இடம்பெறட்டும். தெலுங்கு அயலாரின் பெயரையும் மறவாமல் எழுதுங்கள். திறவுகோலை வாங்கி வைத்துக்கொண்டவர் அவர்களாகவும் இருக்கலாம்.

எழுதிய நோட்டின் படி ஒன்றைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். மற்றொரு படியை ஊரில் உள்ள உறவினரிடம் கொடுங்கள். மாளா மக்கள் நமக்குக் கற்பிப்பது இதுவே: செல்வோர் தெளிவாக எழுதி ஒப்படைத்தால், தங்குவோருள் ஒருவரேனும் என்றேனும் எழுந்து, அவ்வெழுத்தைக் காட்டி வாதாடுவார். எழுத்தே இல்லையேல் அவரும் எதனைக் காட்டுவார்?

அடுத்த திங்கள் வந்து சேரும் நோட்டுகளிலிருந்து சில செய்திகளை இப்பகுதியில் வெளியிட எண்ணியுள்ளோம்.